விடைத்தாளில் மூளை எதைத் தேடுகிறது?

காலாண்டுத் தேர்வு பேப்பர் கைக்கு வந்ததும் மாணவன் முதலில் பார்ப்பது மார்க். அடுத்தது பக்கத்து பெஞ்சுக்காரனின் மார்க். அதன்பிறகு, கூட்டலில் எங்காவது ஒரு மார்க் விட்டுப்போயிருக்கிறதா என்று ஒரு தேடல். எந்த வரியில் கணக்கு தடம் மாறியது என்று பார்ப்பவர்கள் அபூர்வம். பையன்களுக்கு அக்கறை இல்லை என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் கோளாறு பேப்பர் கொடுக்கும் முறையில்தான் இருக்கிறது.

1990களில் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளின் மூளையில் டோபமைன் செல்களைக் கவனித்தார். எதிர்பாராமல் பழரசம் கிடைத்தபோது அவை துடித்தன. விளக்கு எரிந்தால் பழரசம் வரும் என்று குரங்கு பழகிய பிறகு, பழரசத்துக்கு அவை அசைந்து கொடுக்கவில்லை. விளக்கு எரிந்தும் பழரசம் வராதபோது வழக்கமான துடிப்பும் அடங்கிப்போனது. அந்தச் செல்கள் கணக்கு வைப்பது பரிசை அல்ல, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை.

குரங்கிலிருந்து நேராக ஏழாம் வகுப்புக்குத் தாவக்கூடாதுதான். ஆனால் மனிதர்களிடமும் இதே சாயல் தெரிகிறது. பட்டர்ஃபீல்டும் மெட்காஃபும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், "நிச்சயம் இதுதான்" என்று அடித்துச் சொல்லித் தப்பாகப் போன விடைகள்தான், சரியான விடையைச் சொன்னதும் எளிதில் திருந்தின. குத்துமதிப்பாகச் சொன்ன தப்புகள் அந்த அளவுக்குத் திருந்தவில்லை.

நம் வகுப்பில் என்ன நடக்கிறது? பேப்பர் திரும்பி வருவதற்குள் இரண்டு வாரம் ஓடிவிடுகிறது. எந்த விடையை எவ்வளவு நம்பி எழுதினோம் என்பதே மறந்துவிடும். பிறகு ஆச்சரியம் எங்கிருந்து வரும்?

மார்க்கோடு நாலு வரி எழுதிக்கொடுத்தால் போதாதா? ரூத் பட்லர் இஸ்ரேல் பள்ளிகளில் நடத்தி 1988இல் வெளியிட்ட ஆய்வு போதாது என்கிறது. குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். மார்க்கும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. மார்க் கிடைத்தும் நன்றாகப் படிப்பவர்களின் ஆர்வம் குறையவில்லை; பின்தங்கியவர்களின் ஆர்வம்தான் சரிந்தது. 34 வாங்கியவன் பேப்பரை மடித்துப் பைக்குள் திணித்துவிடுகிறான். அதற்குள் இருப்பதைப் படிக்க வேண்டியவனே அவன்தான்!

ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவருக்கும் குறிப்பு எழுத ஆசிரியருக்கு ஏது நேரம்? நியாயமான கேள்வி. எழுத வேண்டாம். ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் 'உறுதி', 'சந்தேகம்' என்று மாணவர்களே குறிக்கட்டும். தேர்வு முடிந்த மறுநாளே விடைகளைக் கரும்பலகையில் போட்டுவிடலாம். திருத்திய பேப்பரில் தப்பான வரிக்கு ஒரு வட்டம் போதும், காரணத்தை அவர்கள் கண்டுபிடிக்கட்டும். மார்க்கை அடுத்த நாள் சொல்லிக்கொள்ளலாம். வீட்டில் கேட்டால், ஒரு ராத்திரி சமாளிக்கத் தெரியாத மாணவன் எங்கே இருக்கிறான்?