சாவி யாருக்குச் சொந்தம்?

திண்டுக்கல்லில் பூட்டுச் செய்யும் தொழிலாளி ஒரு பூட்டை விற்கும்போது, அதன் சாவிகளையும் வாங்கியவர் கையில் கொடுத்துவிடுகிறார். சாவி தொலைந்துவிட்டால் தெருமுனையில் அரமும் கையுமாக உட்கார்ந்திருக்கும் சாவிக்காரரிடம் போகிறோம். அரை மணி நேரத்தில் வேலை முடிகிறது. “பூட்டைச் செய்தவன் நான், ஆகவே புதுச் சாவிக்கும் என்னிடம்தான் வரவேண்டும், நான் சொல்லும் விலையைத்தான் தரவேண்டும்” என்று எந்தத் திண்டுக்கல் தொழிலாளியும் இதுவரை சொன்னதில்லை. சொன்னால் ஊர் சிரிக்கும்.

மோட்டார்க் கம்பெனிகள் இதைத்தான் சொல்கின்றன. ஆனால் ஊர் சிரிக்கவில்லை. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறது!

சென்னையில் வாடகைக் கார் ஓட்டும் டிரைவர் ஒருவரை நமக்குத் தெரியும். கடன் வாங்கிப் பழைய கார் ஒன்றை வாங்கினார். விற்றவர் ஒரே ஒரு சாவிதான் கொடுத்தார். ஒரு நாள் விடியற்காலையில் பஸ் நிலையத்தில் பயணியின் மூட்டைகளை இறக்கிக் கொடுத்த அவசரத்தில் அந்தச் சாவி எங்கோ விழுந்துவிட்டது. தேடினார், கிடைக்கவில்லை. பக்கத்துச் சாவிக்காரரைக் கூப்பிட்டார். அவர் கதவுப் பூட்டைப் பார்த்துவிட்டு, “அண்ணே, கதவைத் திறந்துடலாம். சாவியும் வெட்டித் தந்துடுவேன். ஆனா வண்டி ஸ்டார்ட் ஆகாது. உள்ளே சிப் இருக்கு. அதுக்குக் கோடிங் போடணும். இந்த மாடலுக்கு என்கிட்ட வழியில்லே” என்று சொல்லிவிட்டார்.

ரெக்கவரி வண்டிக்குக் கூலி கொடுத்து, கம்பெனியின் சர்வீஸ் நிலையத்துக்குக் காரை இழுத்துச் சென்றார். அங்கே என்ன சொன்னார்கள்? எல்லாச் சாவியும் தொலைந்துவிட்டபடியால் பூட்டுக்கள் முழு செட்டாக மாற்றப்படவேண்டும். சாவி தலைமை நிலையத்திலிருந்து வரவேண்டும். பணம் முழுவதையும் முன்கூட்டியே கட்டவேண்டும். எத்தனை நாளாகும் என்று சொல்வதற்கில்லை! பதினொரு நாட்கள் கார் சும்மா நின்றது. கடன் தவணை மட்டும் நிற்கவில்லை. பதினொரு நாள் வருமானமும் போய், கைப்பணமும் போய், வட்டிக்கு வேறு வாங்கி, அவர் தமது சொந்தக் காரின் சாவியைத் திரும்பப் பெற்றார்.

சாவியைத் தொலைத்தது அவருடைய கவனக்குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் கவனக்குறைவுக்குத் தண்டனை பதினொரு நாள் வேலையின்மையா?

சாவிக்குள் என்ன இருக்கிறது?

இது ஏதோ மாயம் என்று ஜனங்கள் நினைக்கும்படி கம்பெனிகள் பேசுகின்றன. மாயம் ஒன்றும் இல்லை. விஷயத்தை எளிதாகவே சொல்லிவிடலாம்.

சாவியின் தலைப்பகுதிக்குள் அரிசிமணி போன்ற சிறு சிப் ஒன்று இருக்கிறது. அதற்கு பாட்டரி கிடையாது. சாவி நுழையும் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அந்தச் சுருளிலிருந்து வரும் அலையே சிப்புக்கு உயிர் கொடுக்கிறது. உடனே காரிலுள்ள கம்ப்யூட்டர் பெட்டி சிப்பைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறது. இருவருக்கு மட்டும் தெரிந்த இரகசிய எண்ணைக் கொண்டு சிப் கணக்குப் போட்டு விடை சொல்கிறது. விடை சரியானால் எஞ்சின் ஓடுகிறது. தவறானால் எஞ்சினை ஓடவிடாமல் பெட்டி தடுத்துவிடுகிறது. எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிகிறது. கதவைத் திறக்கும் ரிமோட் பொத்தான் தனி. அதற்குத்தான் சிறு பாட்டரி.

புதுச் சாவி வேண்டுமென்றால் என்ன செய்யவேண்டும்? ஸ்டியரிங்குக்கு அடியில் பதினாறு துளைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கிறது. அதில் ஒரு கருவியை மாட்டி, அந்தக் காருக்குரிய இரகசிய நம்பரைக் கொடுத்து, “இதோ இந்தச் சாவியும் உன்னுடையதுதான்” என்று பெட்டிக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டும். இதைத்தான் கோடிங் என்கிறார்கள். பெரும்பாலான கார்களில் இது சில நிமிஷ வேலை. சிப்பும் தங்கத்தாலோ வைரத்தாலோ ஆனதல்ல.

அப்படியானால் இந்த விலையும் இந்தக் காத்திருப்பும் எதற்கு? நாம் விலை கொடுப்பது சிப்புக்கு அல்ல. அந்த இரகசிய நம்பருக்கு. காரின் விலையைக் கட்டி, வரியைக் கட்டி, பதிவுப் புத்தகத்தில் பெயர் ஏற்றிக்கொண்டவருக்கு அவருடைய காரின் நம்பரைச் சொல்லமாட்டார்கள். அது கம்பெனியின் கைப்பிடிக்குள் இருக்கிறது. காரை விற்ற பிறகும் அதன் வாசலில் கம்பெனி காவல் நின்று கட்டணம் வசூலிக்கிறது.

திருட்டு என்ற சாக்கு

“எல்லோருக்கும் நம்பரைக் கொடுத்தால் திருடர்களுக்கும் போய்விடுமே!” என்று கம்பெனிகள் கேட்கின்றன. கேள்வியில் ஓரளவு நியாயம் இருக்கிறது. எஞ்சினைத் தடுக்கும் இந்தக் கருவி நல்ல கருவி. அது வந்தபின் கார்த் திருட்டு குறைந்தது உண்மை. அதை எடுத்துவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை.

ஆனால் கம்பெனிகளுக்கு நமது காரின்மீது உண்மையிலேயே இவ்வளவு அக்கறையா? வரலாற்றைப் பார்ப்போம்.

ஐரோப்பாவில் 1998-ம் ஆண்டிலிருந்து புதுக் கார்களில் இந்தக் கருவி இருக்கவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தியது. கனடாவில் 2007-ல் கட்டாயமாயிற்று. அமெரிக்காவில் அப்படிப்பட்ட சட்டம் இல்லை. விளைவு என்ன? ஹூண்டாய், கியா கம்பெனிகள் கனடாவில் விற்ற கார்களில் கருவியை வைத்தன. எல்லைக்கு இப்பால் அமெரிக்காவில் விற்ற பல மலிவு மாடல்களில் வைக்கவில்லை! 2021, 2022-ம் ஆண்டுகளில் பொடியன்கள்கூட இந்தக் கார்களைத் திருடும் முறையை சமூக ஊடகத்தில் ஒருவருக்கொருவர் காட்டிக் கொடுத்தார்கள். நகரம் நகரமாகத் திருட்டு பெருகிற்று. வழக்கு வந்தது. 2023-ல் சுமார் 20 கோடி டாலர் மதிப்புள்ள சமரசத்துக்கு அந்தக் கம்பெனிகள் ஒப்புக்கொண்டன. சட்டம் பிடித்து நிறுத்திய இடத்தில் பாதுகாப்பு. சட்டம் இல்லாத இடத்தில் சிக்கனம். இதுதான் அவர்களது அக்கறை.

இன்னொன்றும் கேளுங்கள். பல கம்பெனிகளின் சாவிகளில் இருந்த ஒரு வகைச் சிப்பின் இரகசியக் கணக்கில் ஓட்டை இருக்கிறது என்று இங்கிலாந்து, ஹாலந்து பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். சிப் செய்தவர்களுக்கு 2012-லேயே தெரிவித்தும் விட்டார்கள். வோக்ஸ்வேகன் கம்பெனி என்ன செய்தது? 2013-ல் லண்டன் நீதிமன்றத்துக்குப் போய், ஆராய்ச்சிக் கட்டுரையை வெளியிடக்கூடாது என்று தடையுத்தரவு வாங்கிற்று! இரண்டு ஆண்டு கழித்து, 2015-ல்தான் கட்டுரை வெளிவந்தது. ஓட்டை உள்ள சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்த ஜனங்களுக்கு அதுவரை விவரம் தெரியக்கூடாது, அவ்வளவுதான்.

ஆகவே, இரகசியம் திருடனிடமிருந்து நம்மைக் காப்பாற்றுகிறது என்பது பாதி உண்மை. போட்டியிலிருந்து கம்பெனியை அது காப்பாற்றுகிறது என்பது முழு உண்மை.

வழி இல்லையா?

திருட்டையும் தடுத்து, சொந்தக்காரருக்கும் நியாயம் செய்ய வழி உண்டு. முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவிலேயே அந்த வழியைக் கண்டிருக்கிறார்கள். கலிபோர்னியா மாநிலம் 2006-ல் ஒரு சட்டம் செய்தது: காரின் சொந்தக்காரர் கேட்டால், பதிவு பெற்ற சாவித் தொழிலாளி மூலம் அவருக்கு மாற்றுச் சாவி செய்யத் தேவையான விவரத்தைக் கம்பெனிகள் கொடுத்தாகவேண்டும். அந்த நாட்டில் சாவித் தொழிலாளிகளுக்கென்றே ஒரு பதிவேடு இருக்கிறது. அவர்களது பூர்வோத்தரம் விசாரிக்கப்படுகிறது. வருகிறவர்தான் சொந்தக்காரரா என்று அடையாளத்தைப் பார்த்து எழுதி வைத்த பிறகே நம்பர் எடுக்கலாம். யார், எந்தக் காருக்கு, என்றைக்கு எடுத்தார்கள் என்று கணக்கு இருக்கிறது. மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-ல் ரிப்பேர் உரிமைக்காக ஜனங்களிடம் வாக்கெடுப்பே நடந்தது. வாக்களித்தவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்கு மேல் ரிப்பேர் உரிமையின் பக்கம் நின்றார்கள். ஐரோப்பாவிலும் பூட்டு, சாவி விவரங்களைச் சோதித்துப் பதிவு செய்த வெளி மெக்கானிக்குகளுக்குத் திறந்துவிடும் ஏற்பாடு சட்டப்படி வந்துவிட்டது.

நம் நாட்டின் கதை என்ன? 2011-ல் ஒரு தனி மனிதர் கொடுத்த புகாரின்மேல் போட்டிக் கமிஷன் விசாரணை நடத்திற்று. 2014 ஆகஸ்டு 25-ல் தீர்ப்பு வந்தது. பதினான்கு கார்க் கம்பெனிகள், உதிரி பாகங்களையும் பழுது கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்து, சட்ட விரோதமாக நடந்திருக்கின்றன என்று கமிஷன் முடிவு கட்டியது. மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பாகங்களையும் கருவிகளையும் வெளியில் கிடைக்கச் செய்யவேண்டும் என்று உத்தரவிட்டது. கம்பெனிகள் அப்பீலுக்கு ஓடின. 2022-ல் மத்திய சர்க்கார் ரிப்பேர் உரிமை பற்றிக் கமிட்டி போட்டது. மோட்டார் வாகனமும் அதன் பட்டியலில் இருந்தது. ஓர் இணைய தளமும் திறந்தார்கள். நல்லதுதான். ஆனால் தளத்தைத் திறந்தவர்கள் நமது டிரைவரின் காரைத் திறக்க வழி செய்யவில்லையே!

தெருவோரத் தொழிலாளியின் பிழைப்பு

இதில் பாதிக்கப்படுவது காரின் சொந்தக்காரர் மட்டுமல்ல. குடைக்கு அடியில் உட்கார்ந்து சாவி வெட்டும் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். தகப்பனிடம் கற்ற தொழில். அரத்தின் சத்தத்தைக் கொண்டே பல்லின் ஆழத்தை அறியும் கை. காலம் மாறுகிறது என்று அவர் முரண்டு பிடிக்கவில்லை. கடன் வாங்கிச் சீனக் கோடிங் கருவியை வாங்குகிறார். பிள்ளையின் உதவியோடு படித்துக் கொள்கிறார். அடுத்த வருஷம் புது மாடல் வருகிறது. கதவு மறுபடி சாத்தப்படுகிறது. கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் இதே வேலையைச் செய்பவரும் சம்பளத்துக்கு உழைக்கும் ஒரு தொழிலாளிதான். திறமையில் இருவருக்கும் வேற்றுமை இல்லை. ஒருவருக்கு நம்பர் கிடைக்கிறது, மற்றவருக்குக் கிடைப்பதில்லை.

இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. கார் திருட்டுப் போய் நஷ்ட ஈடு கேட்டால், “எல்லாச் சாவிகளையும் கொண்டுவா” என்கிறார்கள். சாவி தொலைந்தால் ஈடு வேண்டுமா? அதற்குத் தனிப் பிரீமியம்! ஒருவர் போட்ட பூட்டுக்கு இன்னொருவர் வாடகை வாங்குகிறார்.

நாம் கேட்பது என்ன?

1. காரை விற்கும்போதே, அதன் சாவி நம்பரையும் கோடிங் நம்பரையும் முத்திரையிட்ட உறையில் வைத்துச் சொந்தக்காரரிடம் கொடுக்கவேண்டும். இரண்டு சாவிகள் கட்டாயம்.

2. சோதித்துப் பதிவு செய்யப்பட்ட சாவித் தொழிலாளிகளுக்கும் மெக்கானிக்குகளுக்கும் கருவியும் விவரமும் நியாய விலையில் கிடைக்கச் சட்டம் வேண்டும். ஒவ்வொரு கோடிங்கும் கணக்கில் ஏறட்டும். திருடனுக்கு அதுவே தடை.

3. மாற்றுச் சாவியின் விலை, கோடிங் கூலி, ஆகும் நாள் எல்லாவற்றையும் சர்வீஸ் நிலையங்கள் பகிரங்கமாக எழுதி வைக்கவேண்டும்.

4. ஐ.டி.ஐ.க்களில் இந்தத் தொழிலைக் கற்றுக் கொடுக்கவேண்டும்.

இவை வரும்வரை டிரைவர் தோழர்கள் கவனிக்க வேண்டியதும் உண்டு. ஒரே சாவி வைத்திருப்பவர் இன்றே இரண்டாவது சாவி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு சாவி கையிலிருக்கும்போது இன்னொன்று சேர்ப்பது சுலபம், செலவும் குறைவு. எல்லாம் தொலைந்தபிறகுதான் கழுத்தை நெரிக்கிறார்கள். புதுக் காருடன் வரும் சாவி நம்பர் வில்லையைக் காருக்குள் போட்டு வைக்காதீர்கள், வீட்டில் பத்திரப்படுத்துங்கள். பழைய கார் வாங்கினால், முன்பிருந்த சாவிகளைப் பெட்டியின் நினைவிலிருந்து அழிக்கச் சொல்லி, இப்போது எத்தனை சாவிகள் பதிவாகியிருக்கின்றன என்பதைக் கருவியில் காட்டச் சொல்லுங்கள். கோடிங் செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

ஆனால் தனி மனிதரின் முன்ஜாக்கிரதை, நியாயமான சட்டத்துக்கு ஈடாகாது. டிரைவர்கள் ஒருபுறமும், சாவித் தொழிலாளிகள் மறுபுறமும், மெக்கானிக்குகள் இன்னொருபுறமும் தனித்தனியே முணுமுணுத்தால் கம்பெனியின் காதில் விழாது. இவர்களது சங்கங்கள் ஒன்றாக உட்கார்ந்து இந்தக் கோரிக்கையை எடுக்கவேண்டும்.

கார் நம்முடையது என்றால் அதன் சாவியும் நம்முடையதே. சாவி நம்முடையது இல்லை என்றால், காரும் இன்னும் கம்பெனியினுடையதுதான். நாம் தவணை கட்டும் குத்தகைதாரர்கள்!