அடையும் தண்ணீரும் முதலில்

மனப்பதற்றத்தால் உறக்கமிழந்தவரிடம், "விசுவாசம் போதவில்லை" என்று சொல்லிவிடுவது நமக்கு எளிதாயிருக்கிறது. 1 இராஜாக்கள் 19-ஐ வாசியுங்கள். யேசபேலுக்குத் தப்பியோடிய எலியா, சூரைச்செடியின்கீழ்ச் சாவை வேண்டிப் படுத்துக்கொண்டான். தூதன் கடிந்துகொள்ளவில்லை, அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் உறங்கவிட்டான். கேள்வி பிறகு, ஓரேபில்தான் வந்தது. அங்கே அவன் ஒரே முறையீட்டை இருமுறை சொல்லியும் கர்த்தர் கேட்டார்.

நல்ல மனநல ஆலோசகரும் முதலில் உறக்கத்தையும் உணவையும் விசாரிக்கிறார். சினம் மூளுமுன் கை இறுகுவதை, மூச்சு விரைவதைக் கவனித்து விலகிநிற்கப் பழக்குகிறார். பழைய காயத்தை அவசரமாய்க் கிளறுவதில்லை. (சாட்சி சொல்லும்படி வற்புறுத்தி நாம்தான் கிளறுகிறோம்!)

ஜெபம் நிற்கவேண்டியதில்லை. ஆலோசகரிடம் செல்பவரைக் குறித்துச் சபையில் எழும் முணுமுணுப்பு நிற்கட்டும். தனியே செல்லத் தயங்குகிறீர்களா? சொல்லுங்கள், உடன் வருகிறேன்.