நம் பணத்தை நமக்கே விற்கும் தரகர்கள்

ஹைதராபாத்தில் என்னோடு விடுதியில் தங்கியிருக்கும் ஆய்வுத் தோழர் ஒருவர் கல்லூரியொன்றில் பகுதிநேரமாகப் பாடம் நடத்துகிறார். சென்ற நிதியாண்டில் அவர் பெற்ற மதிப்பூதியம் ரூ.3,80,000. அதில் பத்து சதவீதம், ரூ.38,000, டிடிஎஸ்ஸாகப் பிடிக்கப்பட்டது. அந்த வருமானத்துக்கு வரியே இல்லை; பிடித்தது முழுவதும் அவருக்குத் திரும்ப வேண்டிய பணம். ஆயினும் 'ரீஃபண்ட் வாங்கித் தருகிறோம்' என்ற நிறுவனமொன்றுக்கு 20 சதவீதம், ரூ.7,600, தரகு கொடுத்திருக்கிறார்.

மொழியியல் மாணவனாகிய எனக்கு அந்த 'வாங்கித் தருகிறோம்' உறுத்துகிறது. வாங்குபவரும் இல்லை, தருபவரும் இல்லை. வருமான வரித் துறை தொகையை நேரே நம் வங்கிக் கணக்கில் செலுத்துகிறது. துறையின் இணையதளத்தில் கணக்குத் தாக்கல் செய்யக் கட்டணம் கிடையாது. பிடித்த வரியைப் படிவம் 26ஏஎஸ் காட்டிவிடும்.

தரகு போவது சிறிய இழப்பு. கூலி சதவீதத்தில் அமையும்போது, ரீஃபண்டைப் பெருக்கிக் காட்டுவதே தரகரின் ஆதாயமாகிறது. கொடுக்காத நன்கொடையும் கட்டாத வாடகையும் படிவத்தில் ஏறுவது இப்படித்தான். 2025 ஜூலையில் துறை நாடு முழுவதும் 150 இடங்களில் நடத்திய சோதனை இத்தகைய இடைத்தரகர்களைக் குறிவைத்ததே. தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளில் கணக்குகளை மொத்தமாகத் தாக்கல் செய்துவிட்டு அவற்றைக் கைவிடுவதால், துறையின் அறிவிப்புகள் படிக்கப்படாமலே கிடந்தன என்றும் துறை கூறியது. பொய்க் கணக்குக்கு வரியின் 200 சதவீதம் வரை அபராதம் உண்டு. அதைக் கட்ட வேண்டியவர் தரகரல்லர், கணக்குக்கு உரியவர்.

'படிவம் புரியவில்லை, உதவி வேண்டாமா?' என்பார்கள். வேண்டும். உழைப்புக்கு நிலையான கூலி கொடுப்பதில் பிழையில்லை. 1949ஆம் ஆண்டுச் சட்டம், விளைவைப் பொறுத்துக் கட்டணம் வாங்குவதைப் பட்டயக் கணக்கர்களுக்கே பொதுவாகத் தடைசெய்கிறது. தேர்வெழுதித் தகுதி பெற்றவருக்குள்ள கட்டுப்பாடு, பலகை மாட்டிய எவருக்கும் இல்லையென்றால் அது என்ன நீதி?

ரீஃபண்டில் சதவீதம் கேட்பதை அனைவருக்கும் தடைசெய்க. பிறருக்காகக் கணக்குத் தாக்கல் செய்பவரின் பெயர் அந்தக் கணக்கிலேயே பதிவாகட்டும். பொய்க்கு அவரும் பொறுப்பேற்கட்டும். அதுவரை, தோழர்களே, கடவுச்சொல்லையும் ஓடிபியையும் எவரிடமும் கொடுக்காதீர்கள். உங்கள் சொந்த மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் மட்டுமே பதியுங்கள். படிவம் புரியாதவர்கள் ஞாயிறு மாலை என் அறைக்கு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து நிரப்புவோம். தரகு, ஒரு கோப்பைத் தேநீர்.