உரைகல் செயலே, பெயரன்று!

பொன்னின் மாற்றறிய விரும்பும் பொற்கொல்லன் அதனை உரைகல்லில் உரைத்துப் பார்ப்பான். கொண்டுவந்தவன் எவ்வூரான், எம்மொழியான், எக்கடவுளைத் தொழுபவன் என உசாவான். பொற்றொழிலிற் பேர்பெற்ற கோவை மாநகர்க்கு இவ்வுண்மையை எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. மாந்தரையும் அவ்வாறே அவர்தம் செயலைக்கொண்டு அறிக எனத் 'தெரிந்து தெளிதல்' பகுதியில் வள்ளுவர் வகுத்தார். அவ்வளவுகோலைக் கைவிட்டு, மொழியையும் முகத்தையும் பெயரையும் கொண்டு மாந்தரை அளக்கும் போக்கு இற்றை வானூர்தி நிலையங்களில் தலையெடுத்துள்ளது. அதனைத் தமிழ மக்கள் நன்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2020ஆம் ஆண்டில், சென்னை வானூர்தி நிலையத்தில் தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுமாறு கேட்டதற்கு, 'நீர் இந்தியரா?' என நடுவண் தொழிலகப் பாதுகாப்புப் படை அலுவலர் தம்மை வினவியதாக நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி வெளிப்படுத்தினார். எம்மொழியையும் வலியுறுத்துவது தன் கொள்கையன்று எனப் படை விடையிறுத்தது. அவ்விடை நான்காண்டும் நின்றிலது. 2023 திசம்பரில் கோவா நிலையத்தில், இந்தியறியாத தமிழ்ப்பெண் ஒருவர், இந்தியே நாட்டுமொழி என்று படைஞர் ஒருவரால் இடித்துரைக்கப்பட்டதாக முறையிட்டார்; தமிழக முதலமைச்சரும் அதனைக் கண்டித்தார். அரசமைப்புச் சட்டத்தின் 343ஆம் பிரிவு இந்தியை ஒன்றியத்தின் அலுவல்மொழி என்று கூறுகின்றதேயன்றி, நாட்டுமொழி என எம்மொழியையும் கூறவில்லை. சட்டத்தில் இல்லாத ஒன்றைச் சட்டக் காவலரே பயணியர்மேற் சுமத்துவது எவ்வகை முறை? கடவுச்சீட்டும் பயணச்சீட்டும் காட்டாத குடியுரிமையை நாக்கு காட்டவேண்டுமோ?

மொழிக்கு நேர்ந்த இவ்விழிவே பெயர்க்கும் நேர்கின்றது. 2002ஆம் ஆண்டில் பரமக்குடியிற் பிறந்த நடிகர் கமலகாசன், அமெரிக்கா செல்லுங்கால் கனடாவின் தொரண்டோ நிலையத்தில் தடுக்கப்பட்டார். அவர் பெயரின் ஈற்றுப்பகுதி இசுலாமியப் பெயர்போல் ஒலித்ததே அதற்குக் கரணியமாயிற்று. பெயர் பார்ப்போர்க்குப் பெயர்கூடப் புரிவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. 2009 ஏப்பிரலில் தில்லி நிலையத்தில், முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அமெரிக்க வானூர்தி நிறுவனம் ஒன்றின் பணியாளரால் உடலாய்வு செய்யப்பட்டார். நம் நாட்டு நெறியின்படி அவர் அவ்வாய்வினின்று விலக்களிக்கப்பட்டவர். எல்லார்க்கும் உரிய பொதுநெறியையே பின்பற்றினோம் என்று முதலிற் கூறிய நிறுவனம் பின்னர் மன்னிப்புக் கேட்டது. 2011இல் நியூயார்க்கு நிலையத்தில் அவர்தம் மேற்சட்டையும் காலணியும் ஆய்வுக்கெனக் கொண்டு செல்லப்பட்டன. அமெரிக்க அரசும் வருத்தம் தெரிவித்தது. உலகறிந்த இராமேசுவரத்துத் தமிழர்க்காக அரசு வருந்தும். கோவைப் பீளமேட்டு நிலையத்தினின்று சார்சாவுக்குக் கூலிவேலைக்குச் செல்லும் இளைஞனுக்கு இத்தகைய இழிவு நேர்ந்தால் எந்த அரசு வருந்தும்?

"வானூர்தியிற் குண்டு வைப்பாரும் உளரன்றோ? ஐயுறாது விட்டால் உயிர்க்கு யார் பொறுப்பு?" எனச் சிலர் வினவலாம். வினா முறையானதே, விடையை வரலாறு தருகின்றது. 1972 மே 30ஆம் நாள் இசுரேலின் இலாடு நிலையத்தில் 26 பேரைக் கொன்றவர், காவலர் எதிர்நோக்கிய அரபியர் அல்லர், சப்பானியர் மூவர். அரபு முகம் தேடிய கண்கள் அவர்களைக் கோட்டைவிட்டன. 1986இல் இலண்டனில், கருவுற்றிருந்த அயர்லாந்துப் பெண்ணொருத்தியின் பையடியில் அவளறியாமல் அவள் காதலன் வெடிபொருளை மறைத்திருந்தான். முகம் பார்த்திருப்பின் அவளை எவர் ஐயுறுவர்? பொறுமையான வினாவும் பையின் ஆய்வுமே அத்தனை பேரையும் காத்தன. 1985 சூன் 23ஆம் நாள் 329 உயிர்களை விழுங்கிய கனிட்கா வானூர்தியில், உடையவன் ஏறாமலே ஒரு பெட்டி மட்டும் ஏற்றப்பட்டிருந்தது. பெட்டியையும் பயணியையும் ஒப்புநோக்கியிருப்பின் அவ்வழிவு தவிர்ந்திருக்கும். காப்பது ஒழுங்கான ஆய்வே, இனங்காணும் கண்ணன்று.

மேலும், ஒருவன் செய்த தீமைக்காக அவன் இனத்தையே ஐயுறலாம் எனின், அவ்வாள் தமிழன் கழுத்திலும் விழும். 1984 ஆகசுட்டில் மீனம்பாக்கத்தில் ஈழக்குழு ஒன்று வைத்த குண்டு வெடித்து ஏறத்தாழ 30 பேர் மாண்டனர். அதற்காகத் தமிழர் ஒவ்வொருவரும் குண்டுக்காரர் ஆவரோ? அவ்வாறு எண்ணிய அரசும் இருந்தது. 2007 சூனில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரை, தமிழர் என்பதற்காகவே பேருந்துகளில் ஏற்றி நகரைவிட்டு அகற்றியது சிங்கள அரசு. மறுநாளே அந்நாட்டு உச்ச வழக்குமன்றம் அதற்குத் தடை விதித்தது.

கொழும்பைக் கண்டு கொதிக்கும் நெஞ்சு கோவையையும் நோக்குதல் வேண்டும். 1997 இறுதியில் காவலர் ஒருவர் கொலையுண்டதையொட்டி மூண்ட கலவரத்தில் இசுலாமியர் 18 பேர் மாண்டனர். 1998 பிப்பிரவரி 14ஆம் நாள் தொடர்குண்டுகள் 58 உயிர்களைக் குடித்தன. அக்கொடுமை செய்தோர்க்குத் தண்டனை வேண்டியதே. 2007இல் வழக்குமன்றம் சான்றுகளை ஆய்ந்து பலரைத் தண்டித்து, ஒன்பதாண்டுகள் சிறையிலிருந்த மதானி உள்ளிட்ட சிலரை விடுவித்தது. வழக்குமன்றம் ஆளாளாகப் பிரித்துக் கண்டதை ஊர் பிரித்துக் காணவில்லை. கோட்டைமேடு என்று முகவரி சொன்னாலே முகஞ்சுளித்தோரும், பெயர் கேட்டபின் 'வீடு ஒழியவில்லை' என்றோரும் தமிழரே. கோட்டைமேட்டிற் பேசப்படுவதும் தமிழன்றோ? வானூர்தி நிலையத்தில் 'நீர் இந்தியரா?' எனும் வினா சுடுமாயின், தெருவில் 'நீர் நம்மவரா?' எனும் வினாவும் சுடத்தான் செய்யும். திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலுக்கு வந்த வடபுலத் தொழிலாளியை முகம் கண்டே கள்வன் எனக் கருதுவதும் இதே குற்றமே. இந்தித் திணிப்பை எதிர்ப்பது கொள்கை. இந்தி பேசும் ஏழையை ஐயுறுவது கொள்கையாகாது.

ஆகலின் செய்யவேண்டுவன தெளிவு. கோவை, திருச்சி, மதுரை, சென்னை நிலையங்களில் ஆய்வுமுனை தோறும் தமிழறிந்தார் நிற்றல் வேண்டும். ஆய்வு எல்லார்க்கும் ஒன்றாதல் வேண்டும். ஒருவரைத் தனியே நிறுத்தின், அதற்குரிய கரணியம் அவர் செயலிலோ உடைமையிலோ இருத்தல் வேண்டும். அதனை அவர்தம் மொழியில் எழுத்தாற் கொடுத்தல் வேண்டும். இழிவுற்றோர் முறையிட அவ்விடத்திலேயே வழி வேண்டும். இவற்றைத் தமிழர்க்கு மட்டும் கேட்பது தன்னலம். எல்லார்க்கும் கேட்பதே தமிழறம். பெயரால் ஒதுக்கப்படும் இசுலாமியத் தமிழனுக்காகக் குரல் கொடாதவன், மொழியால் ஒதுக்கப்படும் நாளில் தனக்குத் துணை தேடும் உரிமையை இழந்தவனாவான். அந்நாள் வருமுன் கொங்குநாடு வாய் திறப்பதாக!