ஆயுதம் போட்ட விமானம் சென்னையில் எண்ணெய் போட்டது எப்படி?

செம்பரம்பாக்கம், பூந்தமல்லி பக்கம் நிமிர்ந்து பார்த்தால் மீனம்பாக்கம் விமானங்கள் போவது தெரியும். அதில் வெளிநாட்டு விமானமும் உண்டு. "யார் வேணும்னாலும் வந்து இறங்கிடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. ஆனால் அனுமதி வாங்கி வந்த ஒரு விமானம் நாட்டையே திடுக்கிட வைத்தது. அந்தச் சம்பவத்தில் சென்னைக்கும் இடம் உண்டு.

2 அனுமதி வேண்டும்

1944-ல் சிகாகோ நகரில் உருவான உலக ஒப்பந்தப்படி, தன் வானத்துக்கு அந்தந்த நாடே எஜமான். தினசரி வரும் பயணிகள் விமானங்களுக்கு நாடுகளுக்குள் ஒப்பந்தம் இருக்கிறது. தனியாக வரும் விமானம் டி.ஜி.சி.ஏ.விடம் அனுமதி எண் வாங்க வேண்டும். விமானப்படையின் பாதுகாப்பு அனுமதியும் தேவை.

நள்ளிரவு ஆயுத மழை

1995 டிசம்பர் 17. லாத்வியாவில் பதிவான ஆன்டனோவ்-26 சரக்கு விமானம் கராச்சியில் இருந்து வாரணாசிக்கு வந்து இறங்கியது. ஆயுதம் அப்போதே உள்ளேதான் இருந்தது. யாரும் பிடிக்கவில்லை. கல்கத்தா போகும் வழியில், மேற்கு வங்காளம் புருலியா மாவட்ட கிராமங்களில் ஏ.கே.47 துப்பாக்கிகளைப் பாராசூட்டில் போட்டுவிட்டுப் பறந்தது.

அதைவிட அதிர்ச்சி, நாலாவது நாள் அதே விமானம் தாய்லாந்தின் புக்கெட்டில் இருந்து சென்னையில் இறங்கி, எண்ணெய் நிரப்பிக்கொண்டு கராச்சிக்குக் கிளம்பியதுதான்! நடுவானில் மறித்து, பம்பாயில் இறக்கினார்கள். முக்கிய ஆசாமி கிம் டேவி விமான நிலையத்தில் இருந்தே கம்பி நீட்டினான். பீட்டர் பிளீச் என்ற இங்கிலாந்துக்காரரும் விமான ஊழியர்கள் 5 பேரும் சிக்கினார்கள். 2000-ல் ஆயுள் தண்டனை. பிறகு மன்னிப்பில் விடுதலை ஆனார்கள். டேவியை ஒப்படைக்க டென்மார்க் கோர்ட்டு 2011-லும் 2024-லும் மறுத்துவிட்டது.

ஓட்டை எங்கே?

சட்டத்தில் குறை இல்லை. இறங்கும் விமானத்தைச் சோதனை போடலாம். அனுமதி இல்லாமல் போர்த் தளவாடம் ஏற்றி வரக்கூடாது. இரண்டும் அதே சிகாகோ ஒப்பந்தத்தில் இருக்கின்றன. ஆனால் அனுமதிக் காகிதம் எங்கிருந்து வருது, எங்கே போகுது என்றுதான் சொல்லும். உள்ளே இருப்பதைக் கதவைத் திறந்தால்தான் பார்க்க முடியும்.

பரந்தூரில் புது விமான நிலையம் கட்டத் திட்டம் இருக்கிறது. ஓடுபாதை எத்தனை மீட்டர் என்று கேட்பவர்கள், எண்ணெய் போட மட்டும் இறங்கும் விமானத்தில் ஏறிப் பார்க்கப்போவது யார் என்றும் கேட்க வேண்டும்.