மெஷினில் கிடக்கிற நாளும் என் நாள்தான்

தோட்டத்து ஐயாமாரே, நான் வேலைக்குக் கள்ளம் பண்ணினவள் இல்லை. செக்ரோலில் என் பேருக்கு நேரே வாரத்துக்கு இரண்டு கட்டம் வெறுமையாகக் கிடக்கிறதே, அந்த இரண்டு நாளும் நான் லயத்தில் படுத்துக் கிடக்கவில்லை. பதுளைப் பெரியாஸ்பத்திரியில், கையில் இரண்டு ஊசியோடு, நாலு மணித்தியாலம் மெஷினில் கிடந்தேன். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டவளுக்கு இரத்தம் சுத்தமாக வேறு வழி ஏது?

அதற்குத்தான் பெரட்டுக்களத்தில், என் மகளும் நிற்கையில், "சொகமில்லாட்டி பேர வெட்டிட்டு வீட்ல கெட" என்றார்கள். எந்த வீட்டில்? பேரை வெட்டினால் அந்த லயத்துக் காம்பரா எனக்கு மிஞ்சுமா? கன்னிப் பருவத்தில் கூடை மாட்டினவள் நான். அட்டைக்கடியும் குளவிக்கொட்டும் பட்டு நான் பறித்த கொழுந்தெல்லாம் எந்தக் கணக்கில் போனது?

மிச்ச நாளில் நான் மலையில் படுகிற பாட்டை ஒருத்தராவது ஏறி வந்து பார்த்ததுண்டா? மெஷின் ஊசிக்காக என் இடது கையில் இரத்தக் குழாய் இரண்டைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். தொட்டால் உள்ளே ஓடையைப் போல இரைகிறது. அந்தக் கையால் பாரம் தூக்காதே, இறுக்கிக் கட்டாதே, அடிபட விடாதே என்று டொக்டர் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார். கொழுந்துக்கோ இரண்டு கையும் ஓட வேண்டும். நிறுவை நேரத்தில் பாரத்தைத் தூக்கிக்கொண்டு மடுவத்துக்கு ஏற வேண்டும். வெயிலில் நாக்கு ஒட்டிக்கொண்டாலும் மடமடவென்று குடிக்க முடியாது. குடித்த தண்ணீர் வெளியே போகாமல் உடம்பிலேயே தேங்கி, கால் வீங்கி, மூச்சை அடைக்கும். ஒரு சின்னப் போத்தலில் வாயை நனைத்து நனைத்துப் பொழுதைத் தள்ளுகிறேன். பக்கத்து நெறைக்காரி என் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கிறாள், அவள் மகராசியாக இருக்கட்டும். அப்படியும் மெஷினில் கிடந்த மறுநாள் கால் தள்ளாடும். கிலோ குறைந்தால் அரைப்பேர்.

ஆஸ்பத்திரியில் எனக்குக் குறை இல்லை. இந்த நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குக் காசு கேட்பதில்லை, மிஸ்ஸிமார் தங்கமானவர்கள். ஆனால் அந்த இலவசத்தைப் போய் வாங்க எனக்கு ஒரு பேர், ஒரு நாட்சம்பளம், போகிறது. துணைக்கு வருகிற மகளுக்கு ஒரு பேர் போகிறது. தெமோதரைக்கும் அங்கிருந்து பதுளைக்கும் பஸ் காசு வேறு. சிறுநீரக நோயாளருக்கு அரசாங்கம் கொடுக்கிற மாதப் பத்தாயிரம், இன்றைய சம்பளமும் வருகைக் காசும் சேர்ந்த ஆறு நாள் பேருக்கும் காணாது. மெஷினுக்குப் போவதோ மாதத்தில் எட்டு நாளுக்குக் குறையாது.

பட்டணத்துக் கடையிலும் கந்தோரிலும் இருப்பவருக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டு லீவு போக இன்னும் ஏழு நாள் கொடுத்திருக்கிறது, காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு படுக்கலாம். எங்களுக்கோ வேலைக்கு வந்தால்தான் பேர். 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாளுக்கு 730 ரூபாய் என்று பறையடித்தார்களே, அதில் 60 ரூபாய் நூற்றுக்கு 75 நாள் வந்தவருக்கு மட்டுந்தான். 2019இல் அந்த 60ஐ நீக்கினார்கள். இப்போது 2026க்கு நாட்சம்பளம் 1550, வருகைக்கென்று அரசாங்கம் தருவது 200. வர முடிந்தவருக்கு ஊக்குவிப்பு, சந்தோசம். வர முடியாமல் கிடக்கிறவளுக்குச் சம்பளமும் இல்லை, இந்தக் காசும் இல்லை. அந்தக் காசு அதிகம் தேவைப்படுவது யாருக்கு ஐயா? கூட்டத்தில் எங்கள் பேரைச் சொல்லிச் சந்தா வாங்குகிற சங்கத் தலைவர்மாரே, இதைப் பேச உங்களுக்கு ஏன் வாய் வரவில்லை?

பிச்சை கேட்கவில்லை நான். ஆஸ்பத்திரித் துண்டு காட்டிய நாளை வராத நாள் என்று எழுதாதீர்கள். மெஷினுக்கு மறுநாள் தவறணையில் கன்றுக்கு மண் நிரப்பவோ பிள்ளைமடுவத்தில் உதவிக்கு நிற்கவோ விடுங்கள், அது என்னால் முடியும். பாரம் தூக்க முடியாத கை என்று டொக்டர் எழுதிய கடிதத்தைக் கந்தோரில் கொடுத்திருக்கிறேன். அதைப் பிரித்துப் படியுங்கள். படித்த பிறகும் பேரை வெட்டத்தான் வேண்டுமென்றால், அதைப் பெரட்டில் வாயால் சொல்லாமல் ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு என் கையில் கொடுங்கள்.