கலந்தாய்வா, கல்லாப்பெட்டியா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் சுவரெல்லாம் காலேஜ் விளம்பரம்தான். நம் சேரிப் பிள்ளைகள் என்னிடம் கேட்பதும் ஒரே கேள்விதான்: “அண்ணா, சிவில் எடுக்கலாம்னு இருக்கேன். எந்த யுனிவர்சிட்டி நல்லது?”

நான் திருப்பிக் கேட்பது: எந்த வாசல் வழியா உள்ளே போறே? காசு இருக்கிறவன் வீட்டில் காலேஜைத் தேர்ந்தெடுப்பது வெறும் விருப்பம். நமக்கு அது அரசியல்.

ஒரு வாசல் அண்ணா பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான அரசுக் கலந்தாய்வு. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200க்கு கட்-ஆஃப். 69 சதவீத இடஒதுக்கீடு. அதில் பட்டியல் சாதிகளுக்கு 18. அந்தப் பதினெட்டுக்குள் 2009 முதல் அருந்ததியருக்கு 3. பழங்குடியினருக்கு 1. கிண்டிக்கும் இதுதான் வாசல், சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் இதுதான் வாசல்.

இன்னொரு வாசலில் கல்லாப்பெட்டி உட்கார்ந்திருக்கிறது. சுயநிதிக் கல்லூரியில் 35 சதவீத இடம் நிர்வாகத்துக்கு. சிறுபான்மைக் கல்லூரி என்றால் 50. நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ கலந்தாய்வுக்குள்ளேயே வராது. இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆவடிப் பக்கம் வேல் டெக், தண்டலத்தில் சவீதா என்ற பெயர்களில் நிகர்நிலையும் உண்டு, அண்ணா பல்கலையோடு இணைந்த கல்லூரியும் உண்டு. போர்டில் பெயரைப் பார்த்து ஏமாறாதே. கலந்தாய்வுக் குறியீட்டு எண் இருக்கிறதா என்று பார்.

“கவுன்சிலிங்லாம் எதுக்கு தம்பி, சீட்டு முடிஞ்சிடும், இப்பவே அட்வான்ஸ் கட்டு” என்று புரோக்கர் வருவான். அவன் ஒன்றைச் சொல்ல மாட்டான். 2018 விதிமுறைப்படி நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவனுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடையாது. முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையும் கலந்தாய்வில் வந்தவனுக்குத்தான். தாலியை அடகு வைத்து அட்வான்ஸ் கட்டின பிறகு இதைத் தெரிந்துகொண்டு என்ன பிரயோசனம்?

இதெல்லாம் தானாக நடந்துவிடவில்லை. தனியார் கல்லூரிகள் மேல் இடஒதுக்கீட்டைத் திணிக்கக் கூடாது என்று 2005இல் இனாம்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பதிலாக 93ஆவது திருத்தம் வந்தது. தனியார் நிறுவனத்திலும் இடஒதுக்கீடு கொடுக்கச் சட்டம் போடலாம் என்கிறது 15(5) பிரிவு. 2014இல் அந்தத் திருத்தம் செல்லும் என்று அதே நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஆனால் நாடாளுமன்றம் 2006இல் போட்ட சட்டம் மத்திய அரசு நடத்துகிற, மத்திய அரசு பணம் பெறுகிற நிறுவனங்களோடு நின்றுவிட்டது. தனியார் நிகர்நிலைகள் தப்பித்துக்கொண்டன. அறக்கட்டளை என்று சொல்லி வருமானவரி விலக்கு வாங்கும்போது மட்டும் பொதுச்சேவை. சேரிப் பிள்ளைக்கு இடம் கேட்டால் தனியார் சொத்தா? ‘தகுதி, திறமை’ என்று நம் 18 சதவீதத்தைப் பார்த்து ஊளையிடுகிறவர்கள், காசுக்கு விற்கிற சீட்டைப் பற்றி வாயே திறப்பதில்லையே, ஏன்?

“சிவில் படிச்சா வேலை இல்ல, கம்ப்யூட்டர் எடு” என்பதும் யோசித்துப் பார்க்க வேண்டிய பேச்சு. செங்கல் சூளையில் வேகிறது நாம். கலவை சுமக்கிற சித்தாள் நம் அம்மா. ஆனால் தார் ரோடு சேரி முனையில் நிற்கட்டும் என்று எஸ்டிமேட் போடுகிறவன் நாமா? 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் இடிந்து நம் சனம் 17 பேர் செத்தார்கள். சுவரைக் கட்டவும் நம் கை, சுவருக்கு அடியில் சாகவும் நம் உடம்பு. அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிற பேனா மட்டும் எவன் சட்டைப்பையிலோ. அம்பேத்கர் வைசிராய் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோதுதான் 1945இல் மத்திய நீர்வழி, பாசன ஆணையம் உருவானது. அணையும் கால்வாயும் அதிகாரம் என்று அவருக்குத் தெரியும்.

பொதுப்பணி, நெடுஞ்சாலை, ஊரக வளர்ச்சி என்று உதவிப் பொறியாளர் வேலை தேர்வாணையம் வழியாக வருகிறது. அங்கேயும் நம் 18 உண்டு. சிவில் பிடித்திருந்தால் தயங்காமல் எடு.

மாணவத் தோழர்களே! ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் மூன்றையும் நம் தெருப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள். கலந்தாய்வு முடிகிற வரை ஒருத்தரும் எவனுக்கும் அட்வான்ஸ் கட்ட விடாதீர்கள். அதோடு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். தனியார் நிகர்நிலைகளில் இடஒதுக்கீட்டுச் சட்டம் கேட்டு அவற்றின் வாசலிலேயே நிற்போம். வாசல் திறந்தே ஆக வேண்டும்.